300 லிட்டர் எதுக்குங்க? – ஒரு விளாவல் கணக்கு

சோலார் வாட்டர் ஹீட்டர் விக்கறவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "வீட்ல எத்தனை பேருங்க?" பதில் சொன்ன உடனே அதை 50ஆல பெருக்கி ஒரு லிட்டர் கணக்கு சொல்லிடுவாங்க. முடிஞ்சுது இன்ஜினியரிங்.

என் கட்சி என்னன்னா, அந்தக் கேள்வியே தப்பு. தலையை எண்ணி ஹீட்டர் வாங்கறது, வீட்ல எத்தனை பேர்னு கேட்டு செருப்பு சைஸ் சொல்ற மாதிரி. நம்ம ஊர் வெயிலுக்கு முக்கால்வாசி வீடுகள்ல தேவையைவிட ரெண்டு மடங்கு பெரிய ஹீட்டரைத் தூக்கி மொட்டை மாடியில வச்சுட்டு, "கரண்ட் மிச்சம்"னு சந்தோஷப்பட்டுட்டு இருக்கோம்ங்கறது என் வாதம். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பெருக்கல் வகுத்தலுக்கு மேல கணக்கு எதுவும் இல்லை, பயப்படாம வாங்க.

இது சும்மா வாய்ச்சவடால் இல்லை மக்களே, சொந்தப் பிரச்சினை. கோயமுத்தூர் பக்கம் அப்பா வீடு கட்டிட்டு இருக்கார். ரிட்டையர் ஆனப்ப வந்த பணம், ஒவ்வொரு ரூபாயும் எண்ணி எண்ணி செலவாகுது. அடுத்த வாரம் ஹீட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கணும். வந்தவர் சொன்ன கணக்கு இது.

"அய்யா, அம்மா, பாட்டிம்மா, தம்பி, தம்பி சம்சாரம். அஞ்சு பேருங்க. அம்பது அம்பதுன்னு வச்சா எரநூத்தம்பதுங்க. ஒரம்பரை வந்தா என்ன பண்ணுவீங்க? நாளைக்கு பேரன் பேத்தின்னு ஆயிருமுங்க. முன்னூறாவே போட்டு உட்ருங்க, ஒரு தடவைதான போடறோம்."

ஆக, இன்னும் பொறக்காத என் புள்ளைங்களுக்கும் சேர்த்து சுடுதண்ணி ரெடி!

பொட்டி தட்டற மக்களுக்கு இந்த வியாதி நல்லா தெரியும். டெவலப்பர் ரெண்டு நாள் ஆகும்பான். லீட் எதுக்கும் இருக்கட்டும்னு மூணு போடுவார். மேனேஜர் அஞ்சு போடுவார். கஸ்டமர்கிட்ட போகும்போது ரெண்டு வாரம் ஆகியிருக்கும். ஹீட்டர்லயும் இதேதான். தலைக்கு 50ங்கறதுலயே ஒரு 'எதுக்கும் இருக்கட்டும்' ஒளிஞ்சிருக்கு, அதுக்கு மேல ஒரம்பரை, அதுக்கு மேல பேரன் பேத்தி. கடைசியில காசு கொடுக்கறவர் அப்பா.

இத்தனைக்கும் அந்த அஞ்சு பேர்ல நானும் தங்கமணியும் பெங்களூர்ல இருக்கோம். மாசத்துக்கு ரெண்டு தடவை வந்தா அதிகம். தினமும் குளிக்கப் போறது மூணு பேர்தான்.

அமுச்சியோட அண்டா

எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) வீட்ல ஒரு செப்பு அண்டா இருந்துச்சு. 60 லிட்டர் பிடிக்கும். தென்னமட்டையும் பன்னாடையும் போட்டு எரிச்சா ஏழு பேர் குளிச்சுட்டு வந்துருவாங்க. ஏழு பேருக்கு 60 லிட்டர். நம்ம ஆளு கணக்குப்படி 350 வேணும்.

வித்தியாசம் எங்க வருது? அமுச்சிகிட்ட கேட்டேன். "கொதிக்கற தண்ணிய அப்படியேவா கண்ணு ஊத்திக்குவாங்க? வெளாவித்தான ஊத்தோணும்" அப்படின்னு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு.

அவ்வளவுதான் விஷயம். விளாவறது! தமிழ்ல இவ்வளவு அழகா ஒரு சொல் இருக்கும்போது அதை விட்டுட்டு தலைக்கு 50னு உருப்போட்டுட்டு இருக்கோம்.

விளாவற கணக்கு இதுதான். குளிக்கிற சூட்டுல இருந்து பச்சத்தண்ணியோட சூட்டைக் கழிங்க. டேங்க் சூட்டுல இருந்தும் பச்சத்தண்ணி சூட்டைக் கழிங்க. முதல் விடையை ரெண்டாவதால வகுத்தா, பக்கெட்ல எவ்வளவு பங்கு சுடுதண்ணி வேணும்னு வந்துரும்.

கோயமுத்தூர் மார்கழியை எடுத்துக்குவோம். காலையில தொட்டித் தண்ணி 21 டிகிரி. குளிக்க 41 டிகிரி போதும், அதுவே நல்ல சூடு. சோலார் டேங்க்ல 60 டிகிரி. அப்போ 20ஐ 39ஆல வகுக்கணும். 0.51 வருது, அதாவது பாதிக்குப் பாதி. ஒருத்தர் ஒன்றரை பக்கெட், 30 லிட்டர்ல குளிக்கிறார்னா டேங்க்ல இருந்து போறது 15 லிட்டர் சொச்சம். இதுவே தொட்டித் தண்ணி 26 டிகிரியா இருக்கற மாசங்கள்ல, 40 டிகிரியில குளிச்சா, 12 லிட்டர் சொச்சம்தான்.

ஆக, தலைக்கு 50 கிடையாது, 15.

"தம்பி, ஷவரை மறந்துட்டீங்களே"ன்னு கேக்கறது காதுல விழுது. வாஸ்தவம். நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டற ஷவர்ல 10 நிமிஷம் நின்னா 80 லிட்டர், அதுல சுடுதண்ணி 41 லிட்டர். அதாவது ஷவர்ல நிக்கற ஒருத்தர், பக்கெட்ல குளிக்கிற ரெண்டரை ஆளுக்கு மேல சமம். அதனாலதான் சொல்றேன், எத்தனை பேர்னு கேக்காதீங்க, எப்படிக் குளிக்கிறீங்கன்னு கேளுங்க. எங்க வீட்ல ஷவர் ஆசாமி நான் ஒருத்தன்தான். நான் இருக்கறது பெங்களூர்ல.

பைப்புக்குள்ள ஒரு குடும்பம் குளிக்குது

யாரும் கணக்குல சேர்க்காத ஒரு ஆள் இருக்கார். அவர் பேரு பைப்.

மாடியில இருந்து பாத்ரூம் வரைக்கும் வர்ற பைப்புக்குள்ள நிக்கற தண்ணி ஆறிப் போயிருக்கும். அதைத் திறந்து விட்டாதான் சூடு வரும். நீங்க குளிச்சு முடிச்சதும் பைப் முழுக்க சுடுதண்ணி நிக்கும், அடுத்த ஆள் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா அதுவும் ஆறிப்போயிருக்கும். முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பைப்ல ஒரு மீட்டருக்கு சுமாரா கால் லிட்டர் நிக்கும். ஒரு இஞ்ச் பைப்னா 0.43 லிட்டர். அரை இஞ்ச்னா 0.12தான்.

நான் பெங்களூர்ல இருக்கற வாடகை வீட்ல மூணாவது மாடி மேல டேங்க், நாங்க கீழ்த்தளத்துல. ஒரு இஞ்ச் பைப், சுத்தி வளைச்சு 25 மீட்டர் இருக்கும். தினமும் அரை பக்கெட் பச்சத்தண்ணி கொட்டினாத்தான் சூடு எட்டிப் பார்க்கும். கர்நாடகாவுல 2007லயே புது வீட்டுக்கு கரண்ட் கனெக்‌ஷன் வேணும்னா சோலார் ஹீட்டர் இருக்கணும்னு கொண்டு வந்தாங்க. நல்ல சட்டம். ஆனா ஹீட்டர் மாடியில இருக்கான்னு மட்டும் பார்த்தா போதுமா? சூடு பக்கெட்டுக்கு வந்து சேருதான்னு யார் பார்க்கறது?

அப்பாவோட வீட்ல பாத்ரூம் வரைக்கும் 15 மீட்டர் முக்கால் இஞ்ச் பைப். ஒவ்வொரு தடவையும் 4 லிட்டர் போகும். இதுக்கு மருந்து பெரிய டேங்க் இல்லை. டேங்கை பாத்ரூமுக்கு நேர் மேல வைக்கறதும், பைப்புக்கு மேல இன்சுலேஷன் சுத்தறதும், எல்லாரும் அடுத்தடுத்து குளிக்கறதும்தான். செலவு ரொம்ப கம்மி. அதனாலதானோ என்னவோ, யாரும் இதைப் பத்தி வாயே திறக்கறதில்லை.

இப்ப கூட்டிப் பார்ப்போம். அஞ்சு பேரும் இருக்கற மார்கழி நாள். குளிக்க 77 லிட்டர், பைப்புக்கு 20, அமுச்சிக்கும் சமையல்கட்டுக்கும் ஒரு 10. மொத்தம் 107. டேங்க்ல இருந்து எடுக்க எடுக்க அடியில பச்சத்தண்ணி வந்து கலக்கும், அதனால முக்கால் பங்குதான் நல்ல சூட்டோட கிடைக்கும்னு வச்சுக்கிட்டா, 107க்கு 143 லிட்டர் டேங்க் வேணும். மார்க்கெட்ல கிடைக்கறது 150. முடிஞ்சுது. மூணு பேர் மட்டும் இருக்கற சாதாரண நாளுக்கு 68 லிட்டர்தான். 100 லிட்டர் ஹீட்டரே சமாளிச்சுரும்.

300 எங்க இருந்து வந்துச்சு சார்?

லிட்டர் ஒரு மாயை

இன்னொரு பெரிய கூத்து, இந்த 'லிட்டர்'ங்கற எண்ணே சூட்டைப் பத்தி ஒண்ணும் சொல்றதில்லை. அது டேங்கோட கொள்ளளவு. சூட்டைக் கொண்டு வர்றது அதுக்குக் கீழ வெயில்ல படுத்திருக்கற ப்ளேட் அல்லது ட்யூப்.

தமிழ்நாட்டு வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு சராசரியா 5 யூனிட் பக்கம் கொட்டுது. 2 சதுர மீட்டர் ப்ளேட்னா 10 யூனிட். அதுல 45 சதவீதம் தண்ணிக்குள்ள போகுதுன்னு வச்சா 4.5 யூனிட். ஒரு யூனிட்ங்கறது 860 கிலோ கலோரி. ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி. (நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு ஜாவா எழுதிட்டு இருக்கறவனுக்கு இதைச் சொல்ல ஒரு வாய்ப்பு, விடுவேனா?) 4.5ஐ 860ஆல பெருக்கினா 3,870. இது 100 லிட்டரை 38 டிகிரி ஏத்தும். 21 டிகிரி தண்ணி 60 பக்கம் வந்துரும். 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர்னு வழக்கமா சொல்றது இதனாலதான்.

இப்ப அதே ஒரே ப்ளேட்டுக்கு மேல 200 லிட்டர் டேங்கை மாட்டினா? 19 டிகிரிதான் ஏறும். 21ல இருந்து 40. விளாவவே வழியில்லாத வெதுவெதுப்பு. ஆனா ஸ்டிக்கர்ல '200 லிட்டர்'னு தங்க எழுத்துல மின்னும். ட்யூப் மாடல்லயும் இதே கதைதான். 58 மில்லிமீட்டர் விட்டம், 1.8 மீட்டர் நீளம் உள்ள ட்யூப்னா ஒரு ட்யூபுக்கு சுமாரா 10 லிட்டர்ங்கறது வழக்கமான கணக்கு. ட்யூபை எண்ணாம லிட்டரை மட்டும் பார்த்து விலை பேசறது, இட்லி குண்டானைப் பார்த்து மாவு எவ்வளவு இருக்குன்னு சொல்ற மாதிரி.

"மழை வந்தா?"

அப்பாவோட பிரம்மாஸ்திரம் இதுதான். "மழை நாள்ல பெரிய டேங்க் இருந்தா தாங்குமில்ல?"

தாங்கும். பொய் சொல்லக் கூடாது. லேசான மேகமூட்டத்துல பெரிய சிஸ்டம் நிச்சயம் உதவும். நேத்து மிச்சமான சூடும் இருக்கும், ப்ளேட் பரப்பும் அதிகம். ஆனா மூணு நாள் அடைமழைன்னா எந்த சைஸும் வேலைக்கு ஆகாது. வர்ற கொஞ்சநஞ்ச வெளிச்சத்துக்கு ப்ளேட் வெளிக்காத்தைவிட கொஞ்சம்தான் சூடேறும், அதுக்கு மேல எவ்வளவு பரப்பி வச்சாலும் ஏறாது.

சரி, அந்த உதவிக்கு என்ன விலை? 150 லிட்டர் 30,000 ரூபாய், 300 லிட்டர் 52,000 ரூபாய்னு உதாரணத்துக்கு வச்சுக்குவோம். கரண்ட் யூனிட்டுக்கு 6 ரூபாய். உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க, கணக்கு அதேதான்.

கோடையில மூணு மாசம் எங்க வீட்ல யாரும் சுடுதண்ணி தொடறதில்லை. மிச்சம் 270 நாள். அதுல 40 நாள் மேகம்னு கழிச்சா 230. தாராளமா சராசரி நாலு பேர், 120 லிட்டர், 15 டிகிரி ஏத்தணும்னா ஒரு நாளைக்கு 2.1 யூனிட். 230 நாளைக்கு 483 யூனிட். வருஷத்துக்கு 2,900 ரூபாய் மிச்சம். 30,000 ரூபாய் திரும்பி வர 10 வருஷம். பரவாயில்லை, நல்ல ஹீட்டர் அதுக்கு மேலயும் உழைக்கும்.

300 லிட்டர்காரர் அந்த 40 மேக நாளையும் முழுசா சமாளிச்சுட்டார்னே வச்சுக்குவோம். அந்த நாள்ல குளிர் அதிகம், 20 டிகிரி ஏத்தணும், 2.8 யூனிட். 40 நாளைக்கு 112 யூனிட், 672 ரூபாய். இந்த 672 ரூபாய்க்காக கூடுதலா போட்டது 22,000 ரூபாய். திரும்பி வர 32 வருஷத்துக்கு மேல ஆகும். கரண்ட் ரேட் ரெண்டு மடங்கு ஆனாலும் 16 வருஷம். அதுக்குள்ள ஹீட்டரே பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

100 லிட்டர் ஹீட்டர் போட்டா வருஷத்துக்கு 1500 யூனிட் வரை மிச்சம்னு விளம்பரங்கள்ல ஒரு எண்ணைப் பார்த்திருப்பீங்க. அதை 365ஆல வகுத்தா ஒரு நாளைக்கு 4.1 யூனிட். அதாவது 100 லிட்டரை 35 டிகிரி ஏத்தி, சித்திரை வெயில் உட்பட ஒரு நாள் விடாம, கடைசிச் சொட்டு வரைக்கும் நீங்க குளிச்சுத் தீர்க்கணும். ஹீட்டரால கொடுக்க முடிஞ்ச சூடு வேற, நீங்க உண்மையிலேயே உபயோகிக்கற சூடு வேற. மிச்சமாகறது ரெண்டாவது மட்டும்தான்.

மழை நாளுக்கு என் யோசனை, பாத்ரூம்ல 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் ஒண்ணு. 20 டிகிரி ஏத்தி ஒரு பக்கெட் ரொம்ப 9 நிமிஷம் ஆகும், பொறுமை வேணும். சோலார் டேங்குக்குள்ளயே ஹீட்டிங் காயில் வைக்கலாம்னும் சொல்வாங்க. வேணாம்கறது என் கட்சி. ஒருத்தர் குளிக்க 0.7 யூனிட் போதும். டேங்குக்குள்ள காயில் போட்டா 150 லிட்டரையும் ஏத்தணும், 3.5 யூனிட். ஒரு தோசைக்காக அண்டா மாவையும் ஊத்துவாங்களா?

காசை விடுங்க, அமுச்சியைப் பாருங்க

இதுவரைக்கும் பேசினதெல்லாம் பணம். பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்னு யாராச்சும் சொல்லலாம். என்னை இந்தப் பதிவு எழுத வச்சது அது இல்லை.

300 லிட்டர்ல தினமும் 68 லிட்டர் எடுத்தா என்ன ஆகும்? மிச்சம் 232 லிட்டர் சூடாவே நிக்கும். மறுநாள் வெயில் அதை இன்னும் ஏத்தும். பங்குனி சித்திரையில யாரும் தொடாதப்போ 80 டிகிரி தாண்டறது சர்வ சாதாரணம். ட்யூப் மாடல்னா கொதிநிலை வரைக்கும் போகும். போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா சூடு ஏற ஏற சுண்ணாம்பு படியறதும் அதிகமாகும். சிறுவாணித் தண்ணி குடிக்கக் கொடுத்து வச்ச ஊர்தான், ஆனா ஊருக்கு வெளியே கட்டற எங்க வீட்டுக்கு போர்தான் கதி.

அந்த 80 டிகிரி தண்ணி வந்து விழற குழாயைத் திறக்கப் போறது எங்க அமுச்சி. வயசு எண்பதைத் தாண்டியாச்சு. கை விரல்ல உணர்ச்சி கம்மி, சூடு உறைக்கறதுக்குள்ள கொப்பளிச்சுரும். 60 டிகிரி தண்ணியே சில விநாடிகள்ல தோலை வெந்து போக வைக்கும். 80னா கையை எடுக்கக்கூட நேரம் கிடைக்காது. வயசானவங்களும் சின்னக் குழந்தைகளும் இருக்கற வீட்ல, பெரிய ஹீட்டர்ங்கறது பாதுகாப்புக்கு வச்ச 'எதுக்கும் இருக்கட்டும்' இல்லை. அதுவே ஆபத்து.

சின்ன ஹீட்டர்லயும் கோடையில சூடு ஏறத்தான் செய்யும், மறுக்கலை. அதனால எந்த சைஸ் வாங்கினாலும் ரெண்டு காரியம் பண்ணுங்க. பாத்ரூமுக்கு வர்ற லைன்ல தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வுன்னு ஒண்ணு கிடைக்கும். டேங்க் எவ்வளவு கொதிச்சாலும் குழாய்ல நீங்க வச்ச சூடுதான் வரும். அந்த 22,000 ரூபாய்ல ஒரு பகுதியை இதுக்குக் கொடுங்க. ரெண்டாவது அமுச்சியோட பழைய சட்டம்: "மொதல்ல பச்சத்தண்ணி, அப்பறம் சுடுதண்ணி." பக்கெட்ல இந்த வரிசை மாறவே கூடாது.

இன்னொரு சின்ன தந்திரமும் இருக்கு. கோயமுத்தூர் 11 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு வடக்கால போகுது. ப்ளேட்டை தெற்கு பார்த்து 25 டிகிரி போல கொஞ்சம் செங்குத்தா சாய்ச்சு வச்சா மார்கழியில அதிகமா வாங்கும், கோடையில கம்மியா வாங்கும். காசு செலவில்லாம, வேண்டியப்ப சூடு, வேண்டாதப்ப அடக்கம். தெற்குப் பக்கம் பக்கத்து வீட்டு தென்னை மரம் நிழல் அடிக்குதான்னும் பாருங்க. மார்கழி மத்தியானத்துலயே சூரியன் 55 டிகிரி உயரத்துலதான் நிக்கும்.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கா?

இல்லவே இல்லை. ஊட்டியில இருக்கற அண்ணாச்சிமார் இதைப் படிச்சுட்டு 150 வாங்கிட்டு என்னைத் திட்டாதீங்க. அங்க தண்ணி 12 டிகிரின்னா 60க்கு 48 டிகிரி ஏத்தணும், 100 லிட்டருக்கு 2.5 சதுர மீட்டர் கேக்கும். உறைபனி விழற ஊர்ல ப்ளேட் மாடல் பைப் வெடிக்கவும் வாய்ப்பு உண்டு, ட்யூப்தான் நல்லது.

சென்னைவாசிகளே, உங்களுக்கு இன்னும் கறாரா சொல்றேன். மூணு பேர், பக்கெட் குளியல், சுடுதண்ணி தேவை ஒரு 100 நாள், 13 டிகிரி ஏத்தினா போதும். மொத்தமே 136 யூனிட். 800 ரூபாய் சொச்சம். இதுக்கு சோலார் ஹீட்டரே தேவையில்லை. சித்திரையில உங்க சின்டெக்ஸ் டேங்கே ஒரு சோலார் ஹீட்டர்தானே!

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2010ல ஆரம்பிச்ச ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தித் திட்டத்துல ஹீட்டருக்கு 30 சதவீதம் மானியம் இருந்துச்சு, 2014ல நிறுத்திட்டாங்க. பெருசா போட்டா மானியமும் பெருசு. மானியம் போயிருச்சு, பெருசா போடற பழக்கம் மட்டும் தங்கிருச்சோன்னு தோணுது. இப்ப மானியம் இருக்கறது கரண்ட் தயாரிக்கற சோலார் பேனலுக்கு. 2024 பிப்ரவரியில வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்னு அறிவிச்சாங்க. அந்த பேனலுக்கும் இதே மொட்டை மாடியிலதான் இடம் வேணும். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர்ல நாளைக்கு 4 யூனிட் கொடுக்கும், அது சித்திரையில ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பயன்படும். 300 லிட்டர் சுடுதண்ணி சித்திரையில எதுக்குப் பயன்படும்?

கடைசியா, ஹீட்டர் வாங்கப் போறவங்க கடைக்காரர்கிட்ட லிட்டரைப் பேசறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது அஞ்சுதான்:

1. ப்ளேட் பரப்பு எத்தனை சதுர மீட்டர், அல்லது ட்யூப் எத்தனை, என்ன நீளம்?
2. டேங்க்ல இருந்து பாத்ரூமுக்கு பைப் எத்தனை மீட்டர், எத்தனை இஞ்ச், இன்சுலேஷன் உண்டா?
3. பச்சத்தண்ணித் தொட்டி சோலார் டேங்கைவிட உயரத்துல இருக்கா? (இல்லைன்னா தண்ணி வரவே வராது.)
4. நம்ம தண்ணி உப்புத் தண்ணியா? அதுக்கு இந்த மாடல் ஒத்து வருமா, எப்படி சுத்தம் பண்றது?
5. மிக்ஸிங் வால்வு எங்க போடப் போறீங்க?

இதுக்கெல்லாம் பதில் சொல்ற கடைக்காரர் கிடைச்சா அவர்கிட்டயே வாங்குங்க, ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்டாலும் பரவாயில்லை. "வீட்ல எத்தனை பேருங்க"ன்னு மட்டும் கேக்கறவரா இருந்தா, ஒரு காப்பி கொடுத்து அனுப்பி வச்சுருங்க.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி அப்பாவுக்கு அனுப்பியாச்சு. இன்னும் பதில் வரலை. அம்மா போன்ல சொன்னது: "அப்பா ரெண்டு நாளா கால்குலேட்டரும் கையுமா உக்காந்திருக்காரு." தெர்மோமீட்டரை தொட்டித் தண்ணிக்குள்ள விட்டும் பார்த்தாராம். 21 இல்லையாம், 22ஆம். ஒரு டிகிரி எனக்குத்தான் சாதகம்!

டிஸ்கி: உங்க ஊர்ல மார்கழிக் காலையில தொட்டித் தண்ணி எத்தனை டிகிரின்னு யாராச்சும் அளந்து சொன்னா புண்ணியமா போகும். "எங்க வீட்ல 300 லிட்டர் போட்டிருக்கோம், சூப்பரா இருக்கு"ன்னு சொல்ல வர்றவங்க, நேத்து எத்தனை லிட்டர் உபயோகிச்சீங்கன்னும் சேர்த்து சொல்லுங்க. சண்டை போட நான் ரெடி.